வேலன் நகர் வீட்டுக் கிணறு பற்றி ராணியம்மாள் சொன்னது

கொசுக்குட்டி, உன்னை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் போய்விடவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். போலீஸ் ஸ்டேஷனில் நான் சொல்வதை எழுதிக்கொண்டிருந்த ஏட்டம்மா பேனாவை நிறுத்தி, "யார்கிட்டம்மா பேசுறீங்க? என்னப் பாத்துச் சொல்லுங்க. மொதல்ல பேரு, வயசு, வெலாசம்" என்றார்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் ராணியம்மாள். கணவர் பெயர் சிற்றம்பலம். வயது ஐம்பது ஆகிறது. பிறந்த ஊர் புவனகிரிக்குப் பக்கம். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். பெயரைக் கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். தற்சமயம் கடலூர் செம்மண்டலத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்து வருகிறேன். அதற்கு முன்னால், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து போன சித்திரை மாதம் வரைக்கும், சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகும் ரோட்டை ஒட்டிய வேலன் நகரில் எங்கள் சொந்த வீட்டில் இருந்தேன். அந்த வீட்டை விற்றது பற்றியும், அதன் கொல்லையில் இருந்த கிணற்றடியில் இன்று நடந்தது பற்றியும்தான் என்னை விசாரிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். எங்களுக்கு ஒரே பெண், பெயர் தமிழினி. மாதம் நிறையாமல் பிறந்து கையளவு இருந்ததால் வீட்டில் கொசுக்குட்டி என்று கூப்பிடுவோம். என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகும் அப்படியேதான் கூப்பிட்டோம். தெருவில் வைத்துக் கூப்பிட்டால் மட்டும் கோபித்துக்கொள்வாள். பிளஸ் டூ முடித்து அவளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது, வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தோம். போன வருடம் ஆடித் தொடக்கத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அதன் பிறகு சிதம்பரத்தில் காட்டினோம். அதன் பிறகு பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். ஆவணி பிறந்ததும் இறந்துவிட்டாள். தையற்காரர் துணியைத் தைத்து மடித்து வைத்திருந்தார். வாங்கப் போனபோது கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏட்டம்மா மதுரைப் பக்கம் என்பதால், பூவாடைக்காரி என்றால் என்ன என்று கேட்டார்கள். அதையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணையும், தாலியோடு இறந்த பெண்ணையும் அப்படியே விட்டுவிட மாட்டோம். இறந்து வருடம் திரும்பியதும், அந்த வீட்டுக்குத் தண்ணீர் எதுவோ, கிணறோ குளமோ, அங்கே போய்ப் பம்பை அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். கூப்பிட்டு, புதுக் கலயத்தில் அந்தத் தண்ணீரோடு அவளை வீட்டுக்குள் அழைத்து வந்து, புதுப் புடவை வைத்துப் படைப்போம். அன்றிலிருந்து அவள் பூவாடைக்காரி. வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் படையல் அவளுக்குத்தான். கூப்பிடுகிற வரைக்கும் அவள் தண்ணீரிலேயே நிற்பாள். வருடம் திரும்பாமல் கூப்பிடக் கூடாது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் அந்தக் கிணறு. அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அதில் இறைத்த தண்ணீரில்தான்.

அவள் போன பிறகு என் வீட்டுக்காரரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவருடைய மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவள் போய்க் கேட்டைத் திறந்து நிற்பாள். அவள் போன பிறகு அவர் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். தை மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "வித்துடலாம் ராணி" என்றார். "எத?" என்றேன். "வூட்டத்தான்" என்றார். ஆவணி வரைக்கும் பொறுங்கள், அவளைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். "ஆவணி வரைக்கும் நா இருந்தா பாக்கலாம்" என்றார். அதன் பிறகு நான் மறுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு வீடு நில புரோக்கர் சிலம்பரசன் வந்தார். அவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். என் வீட்டுக்காரரை மாமா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த தமிழினி படத்துக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. சின்ன வயசுப் பொண்ணு செத்த வூடுன்னு தெரிஞ்சா, வர்றவன் வாசப்படியிலயே செருப்ப மாட்டிக்கிட்டுத் திரும்பிடுவான். இந்தப் படத்த எறக்கிடு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் எதுக்கு? வூடு காட்டும்போது செவுத்துல ஓதம் ஏறுன எடத்துல நாமளே முதுவ வச்சி நின்னுக்கறது இல்ல? அது மாரிதான். பொய்யா அது?"

நான் படத்தை மாலையோடு இறக்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுப்பாகத் தெரிந்தது. சிலம்பரசன் மறுநாள் ஒரு காலண்டரைக் கொண்டுவந்து அங்கே மாட்டினார்.

அதன் பிறகு நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் வாசல் தெற்கே பார்க்கிறது என்றார். ஒருத்தர் கார் உள்ளே நுழையாது என்றார். மாசி கடைசியில் தேவநாதன் என்பவரும் அவர் மனைவி அருள்மொழியும் வந்தார்கள். இப்போது என் பேரில் புகார் கொடுத்திருப்பது இவர்கள்தான். தேவநாதன் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். இவர்கள் நல்ல மனிதர்கள். அதை இப்போதும் சொல்வேன். அருள்மொழி ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தார், ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார், அதன் பிறகு கொல்லைக்குப் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கையில் ஏந்திக் குடித்தார்.

"என்னாங்க, இங்க வாங்களேன். எளநி மாரி இருக்குது. மினரல் வாட்டருக்குக் குடுக்கற காசு மிச்சம்" என்று புருஷனைக் கூப்பிட்டார். அந்தக் கிணற்றுக்காகத்தான் அவர்கள் அந்த வீட்டை வாங்கினார்கள் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு கூடத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அருள்மொழி என்னிடம், "உங்களுக்கு எத்தினி புள்ளைங்கக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு."

"எங்க, காணும்?"

சிலம்பரசன் இருமினார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "வெளியூர்ல ஆஸ்டல்ல இருக்குது. நர்சிங் படிக்குது" என்றேன்.

"அட, நல்லதாப் போச்சு. எம் பொண்ணு காயத்ரி முழுவாம இருக்கா. தலப் பெரசவம், இந்த வூட்டுக்குத்தான் வரப்போறா. உங்க பொண்ணையே தொணைக்குக் கூப்ட்டுக்கறேன்."

"வருவா" என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். இதைப் பொய் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் போன பிறகு எனக்குப் பசித்தது. அவள் போனதிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். அன்று ரசம் ஊற்றி மறுசோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவர்கள் அளந்து பார்க்க ஒரு முறையும், மேஸ்திரியை அழைத்துக்கொண்டு ஒரு முறையும் வந்தார்கள். வந்தபோதெல்லாம் அருள்மொழி அவளை விசாரித்தார். ஆஸ்டலில் சாப்பாடு சரியில்லையாம், குருமாவில் கல் உப்பு கரையாமல் கிடக்கிறதாம் என்று சொன்னேன். முதல் தடவை ரத்தம் பார்த்தபோது மயக்கம் வந்ததாம், இப்போது பழகிவிட்டதாம் என்று சொன்னேன். படத்தை இறக்கச் சொன்னது மட்டும்தான் சிலம்பரசன். இதையெல்லாம் யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆகையால் ஏமாற்றியதாகப் புகாரில் அவர் பெயர் வேண்டாம்.

விலை முடிந்து முன்பணம் கொடுத்த அன்று நான் ஒன்று கேட்டேன். ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் வந்து கிணற்றடியில் சாமி கும்பிட வேண்டும், அதுவரைக்கும் கிணற்றை ஒன்றும் செய்யக் கூடாது என்று கேட்டேன். என்ன சாமி என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "தாராளமா வாங்கக்கா. எங்களுக்கும் சேத்துக் கும்புட்டுட்டுப் போங்க" என்று தேவநாதன் சொன்னார். கிணற்றை மூடுகிற பேச்சே இல்லை, அதற்குத்தானே வாங்குகிறோம் என்று அருள்மொழி சிரித்தார். இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

சித்திரையில் பத்திரம் பதிவு செய்யப்பட்டது. பத்திரம் எழுதும் ராமாமிர்தம் என்கிற பெரியவர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நான்கு பக்கமும் யார் யார் இடம் என்று வாசித்துவிட்டு, இதற்குள் அடங்கிய கட்டடம், கதவு, ஜன்னல், கிணறு, மரம், மண், கல், ஜலம் எல்லாம் சேர்த்து விற்றதாக வாசித்தார்.

"ஜலம்னா தண்ணிதானேங்க? தண்ணியுமா?" என்று கேட்டேன்.

"பின்ன என்னாக்கா, தண்ணிய எல்லாம் நீ மோந்து எடுத்துக்கிட்டு, வெறும் பள்ளத்த வித்தா அவுங்க வாங்கிக்குவாங்களா?" என்று சிலம்பரசன் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு கைரேகையும் போட்டோவும் எடுத்தார்கள்.

அதன் பிறகு நாங்கள் கடலூருக்குப் போனோம். பட்டறையை மூடிவிட்டு என் வீட்டுக்காரர் அங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். செம்மண்டலத்து வீட்டை என் வீட்டுக்காரர்தான் தேடிப் பிடித்தார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். அவருக்கு அது பிடித்திருந்தது. கீழே போர், மொட்டை மாடியில் தொட்டி, நினைத்த நேரத்துக்குத் தண்ணீர் என்று அதை விற்றவர் சொன்னார். "தண்ணிக்கி கொற இல்லன்னு சொல்றாங்க" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து சொன்னார். தமிழினி படத்தை அங்கே கூடத்தில் மாட்டினோம். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. உங்க தங்கச்சியா என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

ஆனி மாதம் அருள்மொழி எனக்கு போன் செய்தார். காயத்ரிக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம், நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும், உங்கள் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், கன்னிப் பெண் கையால் வளையல் போட்டால் நல்லது என்றார். அவளுக்குப் பரீட்சை நடக்கிறது என்று சொன்னேன். "அப்ப நீங்களாச்சும் வாங்க" என்றார். கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

வளைகாப்புக்கு அந்தத் தெருவில் எல்லோரையும் அழைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் போயிருக்கிறாள். அங்கே அருள்மொழி, ராணியக்கா பெண்ணுக்குப் பரீட்சையாம், அதனால்தான் வரவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். அதற்குச் சின்னம்மாள், எந்தப் பெண்ணுக்கு, அதைத்தான் போன ஆவணியில் எடுத்துப் போட்டாச்சே என்று சொல்லியிருக்கிறாள். அதோடு நிற்காமல், ஆவணி வந்தால் அந்தக் கிணற்றடியில்தானே பூவாடை அழைப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். சின்னம்மாள் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. அவளிடம் நாங்கள் மறைக்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அருள்மொழி மறுபடி போன் செய்தார். நான் எடுத்து அலோ என்றதும், "பரீட்ச எப்பிடி எழுதியிருக்கா உங்க பொண்ணு?" என்று கேட்டார். நான் எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தினேன்.

"ஏங்க்கா, வயித்துப் புள்ளக்காரி அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா, அதுலதான் குளிக்கிறா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நா உங்கள என்னா செஞ்சேன்?"

"அது ஒண்ணும் பண்ணாதும்மா. எம் பொண்ணு யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"அது உங்களுக்குப் பொண்ணு. எனக்கு?"

ஆடி பிறந்துவிட்டால் மண் வேலை செய்ய மாட்டோம், அதற்குள் கிணற்றை மூடப்போகிறோம், ஆவணிக்கு நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லி அருள்மொழி போனை வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சிலம்பரசனைக் கூப்பிட்டேன். "பத்திரம் முடிஞ்சி போச்சுக்கா. அவுங்க கெணறு, அவுங்க மூடுவாங்க. இதுல நா பேசுனா எம் பொழப்புக்கு ஆவாது" என்றார்.

அதன் பிறகு மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் பம்பைக்காரர் தங்கராசுக்கு போன் செய்தேன். எங்கள் கொழுந்தனார் வீட்டில் பூவாடை அழைத்தவர் அவர்தான். இப்போதே வந்து கூப்பிட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"வருசம் திரும்பாம கூப்புடக் கூடாதும்மா. கூப்ட்டா வராது. வந்தாலும் நெல இருக்காது."

"கெணத்த மூடிடுவாங்க அண்ணே."

"வேணும்னா அந்தத் தண்ணியக் கொஞ்சம் எடுத்து வச்சிக்க. ஆவணியில அத வச்சிக் கூப்ட்டுப் பாக்கலாம். எடுத்து வச்ச தண்ணியில நிப்பாளான்னு எனக்குத் தெரியாது. எங்கப்பன் இப்பிடி ஒண்ணு செஞ்சி நா பாத்தது இல்ல. பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஆகையால் இன்று காலையில் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, அவரிடம் சொல்லாமல், கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தேன். கடைத்தெருவில் புதுக் கலயம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் தட்டிக் காட்டினார், ஓட்டை இல்லை. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வேலன் நகருக்குப் போனேன். வீட்டுக் கேட் திறந்திருந்தது. கட்டட இடிசல் ஏற்றிய டிராக்டர் ஒன்று உள்ளே பின்பக்கமாக நின்றது. நான் கேட்டைத் தள்ளவோ பூட்டை உடைக்கவோ இல்லை. டிராக்டருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நுழைந்து கொல்லைக்குப் போனேன். யாரிடமும் கேட்காமல் போனது உண்மை. அது இப்போது எங்கள் வீடு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது ஒரு லோடு கொட்டியாகிவிட்டது. கிணற்றின் கைப்பிடிச் சுவரை ஒரு பக்கம் இடித்திருந்தார்கள். உருளையைக் கழற்றித் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேலே ஏறிக் கலங்கியிருந்தது. எங்கள் குளியலறையில் பதித்திருந்த நீல ஓடு உடைந்து அதில் தெரிந்தது. குளியலறையையும் மாற்றிக் கட்டுகிறார்கள் போல. நான் கீழே கிடந்த கயிற்றைக் கலயத்தின் கழுத்தில் கட்டி உள்ளே விட்டேன். டிராக்டர் ஓட்டுகிறவர், "யம்மா, ஓரம் சரியுது, தள்ளி வா" என்று கத்தினார். நான் தள்ளி வரவில்லை.

சத்தம் கேட்டு அருள்மொழி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அப்போது கலயத்தை மேலே தூக்கி இடுப்பில் வைத்திருந்தேன்.

"எதுக்கு வந்தீங்க? யாரக் கேட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் செய்யலம்மா. இந்தத் தண்ணிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"எடுத்துக்கிட்டுப் போயி? அத வச்சி எம் பொண்ணுக்கு என்னா செய்யப் போறீங்க? பொய் சொன்ன வாய்தான அது? அதக் கீழ ஊத்துங்க மொதல்ல."

"உம் பொண்ணுக்கு நா என்னாத்துக்குச் செய்யப் போறேன்? எம் பொண்ணத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. ஓடிவந்து கலயத்தைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்திருந்தபோது கலயம் உடைந்தது. தண்ணீர் எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டியது. இடிசலில் கால் வைத்திருந்த அருள்மொழி பின்னால் சாய்ந்து விழுந்தார், முழங்கையில் அடிபட்டு ரத்தம் வந்தது. நான் அவரைத் தள்ளவில்லை. நான் தள்ளியதாக அவர் சொன்னால், அந்த நேரத்தில் அவருக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். நான் அவரைத் தூக்கிவிடப் போகவில்லை. தரையில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேவநாதன் வந்து மனைவியைத் தூக்கினார். "என்னா பொம்பளம்மா நீ? மரியாதையா வெளிய போ. போலீசக் கூப்புடுவேன்" என்றார். கூப்பிடுங்கள் என்றேன். அவர் டிராக்டர்காரரைப் பார்த்து அடுத்த லோடைத் தள்ளச் சொன்னார். அப்போது காயத்ரி வெளியே வந்தாள். அவளை இன்றுதான் முதலில் பார்த்தேன். நிறைமாதம். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளைகாப்பு வளையல் இருந்தது.

"நீ உள்ள போ! வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இங்க என்னா வேடிக்க?" என்று அருள்மொழி கத்தினார்.

அவள் போகவில்லை. என்னைப் பார்த்து, "அவ பேரு என்னா?" என்று கேட்டாள். தமிழினி என்றேன். வீட்டில் கூப்பிடும் பெயரையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"தண்ணிதானம்மா கேக்குறாங்க. வூட்டையா கேக்குறாங்க?" என்று அம்மாவிடம் சொன்னாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது காயத்ரி."

"நா ரெண்டு மாசமா இதையேதான குடிக்கிறேன்? எனக்கென்னா ஆச்சு? நீதான் ரத்தம் ஒழுவ நிக்கிற."

சொல்லிவிட்டு உள்ளே போய், அவள் குடிக்க வைத்திருந்த ரோஸ் நிற பாட்டிலைக் கொண்டுவந்து, அதில் இருந்த தண்ணீரைச் செடியில் கவிழ்த்தாள். டிராக்டர்காரரிடம், "அண்ணே, நீங்க ஒரு வாளி எறச்சிக் குடுங்க, அவுங்க விழுந்துடப் போறாங்க" என்றாள். அவர் தேவநாதனைப் பார்த்தார். தேவநாதன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிராக்டர்காரர் வாளி விட்டு இறைத்தார். நான் பாட்டிலைப் பிடித்தேன். காயத்ரி அடியில் கை கொடுத்தாள். கலங்கல் தண்ணீர்தான், பாட்டில் நிறைய எடுத்தேன். அருள்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அதற்கு முன்பே யாரோ போன் செய்திருந்ததால் போலீஸ் வந்தார்கள். நான் தகராறு செய்யாமல் ஜீப்பில் ஏறினேன்.

ஸ்டேஷனுக்கு வந்த பிறகு, பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஏட்டம்மா கேட்டார்கள். சொன்னேன். முகர்ந்து பார்த்துவிட்டு மூடித் திருப்பி என்னிடமே கொடுத்தார்கள்.

அதன் பிறகு தேவநாதன் வந்தார். பெண் இறந்ததை மறைத்து விற்றதால் கிரயத்தை ரத்து செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னார். அதன் பிறகு அவருடைய பெண்ணிடமிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, கிரயம் அப்படியே இருக்கட்டும், இந்த அம்மா இனிமேல் அங்கே வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். கிணறு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மூடியாச்சு" என்றார். தலையைத் தூக்காமல்தான் சொன்னார். மூடிவிட்டார்கள் என்றால் நான் அங்கே போவதற்கு வேலை இல்லை. ஆகையால் அந்த வீட்டுக்கோ அந்தத் தெருவுக்கோ இனிப் போக மாட்டேன் என்று இதன் மூலம் சொல்கிறேன். அருள்மொழி கைக்குக் கட்டுப் போட்ட செலவை என் வீட்டுக்காரர் கொடுத்துவிடுவார். அருள்மொழி பேரில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்து, என் பெண் வயிற்றுப் பிள்ளையோடு இருந்திருந்தால், நானும் மூடச் சொல்லியிருப்பேன்.

தகவல் சொல்லி என் வீட்டுக்காரரை வரவழைத்தார்கள். வேலை உடுப்போடு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஈரமாக இருந்த என் புடவையைப் பார்த்தார். "தண்ணி கெடச்சுதா?" என்று கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். அதை மடியில் சாய்க்காமல் நேராக நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்துவருகிறது.

ஏட்டம்மா இதை ஆரம்பத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, இதில் பொய் இல்லை, முன்னே நான் சொன்ன பொய்யைப் பொய் என்றே எழுதியிருக்கிறது. சம்மதித்து என் கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

சி. ராணியம்மாள்

கையெழுத்துக்குக் கீழே இடம் இருப்பதால் இன்னொன்றையும் எழுதச் சொன்னேன். கேஸுக்கு அது தேவை இல்லை என்று ஏட்டம்மா சொன்னார்கள். சொல்லிவிட்டு எழுதினார்கள்.

கொசுக்குட்டி, இன்னும் ஆடி முழுசும் கெடக்குது. அந்தக் கெணத்துல ஒரு பாட்டில் தண்ணிதான் எனக்குக் குடுத்தாங்க. வருசம் திரும்புற வரைக்கும் இதுல நிப்பியாடி?